கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள்: மூச்சுக்குழாய், குடல், காது



போன மாதம் ஒரு நாள் காலை, எங்கள் தோட்டத்துக் கிளினிக்கைத் திறந்த கையோடு மூன்று பேர் வந்தார்கள்.

முதலில் ஓர் இளம் தாய். இடுப்பில் ஒன்றரை வயதுப் பிள்ளை. கண் குழி விழுந்து, உதடு காய்ந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் தோளில் சாய்ந்து கிடந்தது. "ரெண்டு நாளா வயித்தால போவுதுங்க ஐயா. தண்ணி குடுத்தா இன்னும் போவும்னு மாமி சொன்னாங்க. அதனால குடுக்கல" என்றார்.

அடுத்து ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர். முப்பது வருடமாகச் சிகரெட் பிடிப்பவர். "காலையில எழுந்தா ஒரே இருமல், சளி. இருமலை நிறுத்துற மருந்து ஒரு போத்தல் குடுங்க" என்று கேட்டார்.

மூன்றாவது ஆள் இளைஞர். புல்வெட்டும் மெஷின் ஓட்டுகிறவர். "காதுக்குள்ள கொய்ங்னு ஒரு சத்தம். வேலை விட்டு வந்தாலும் நிக்கல" என்றார்.

வயிறு, நெஞ்சு, காது. மூன்றும் வேறு வேறு நோய்தான். ஆனால் மூவருக்கும் பாதிக்கப்பட்ட பொருள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. நம் உடம்பின் உள்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான மயிரிழைகள் இருக்கின்றன. அவை என்ன, என்ன வேலை செய்கின்றன, நாம் அவற்றை எப்படிக் கெடுத்துக்கொள்கிறோம் என்பதே இந்த மாதப் பாடம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள்.

எபிதீலியம் என்றால் என்ன?

வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு பூசுகிறோம் அல்லவா? அதுபோல உடம்புக்கு வெளியே தோல் இருக்கிறது. உள்ளே மூக்கு, மூச்சுக்குழாய், வயிறு, குடல் எல்லாவற்றுக்கும் உள்பக்கமாக ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது. உயிரணுக்கள் செங்கல் அடுக்கியது போல நெருக்கமாக நின்று அந்தப் பூச்சை உண்டாக்குகின்றன. இதற்கு எபிதீலியம் என்று பெயர். குடலில் இது ஒரே ஓர் அடுக்குதான்.

இந்த உயிரணுக்களின் தலைப்பக்கம், அதாவது காற்றும் சோறும் வந்து படுகிற பக்கம், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. எங்கே என்ன வேலையோ அதற்குத் தகுந்த கருவி அதன் தலையில் முளைத்திருக்கும். மூச்சுக்குழாயில் துடைப்பம், குடலில் கம்பளம், காதில் நாற்று. இப்படி மூன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. மூச்சுக்குழாயின் துடைப்பம்

மூச்சுக்குழாயில் இழையுள்ள உயிரணு ஒவ்வொன்றின் தலையிலும் ஏறக்குறைய 200 மயிரிழைகள் உண்டு. இதைச் சிலியா என்பார்கள். தமிழ்ப் பாடப் புத்தகங்களில் குற்றிழை என்று போட்டிருக்கும். ஓர் இழையின் நீளம் ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டால் அதில் ஆறேழு பங்குதான்.

ஆனால் அது சும்மா நிற்பதில்லை. வினாடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அடிக்கிறது. முன்னுக்கு அடிக்கும்போது விறைப்பாக நிமிர்ந்து அடிக்கும். பின்னுக்குத் திரும்பும்போது வளைந்து, தாழ்ந்து வரும். படகுத் துடுப்பு போடுகிறவர் தண்ணீரைத் தள்ளிவிட்டுத் துடுப்பைத் தூக்கிக்கொண்டு வருகிற மாதிரி. எல்லா இழைகளும் ஒரே நேரத்தில் அடிப்பதும் இல்லை. ஒன்றை அடுத்து ஒன்று அலை அலையாக அடிக்கும். அலோர் ஸ்டார் பக்கம் பஸ்ஸில் போகும்போது, மூடா வயல்களில் நெற்பயிர் காற்றில் அலையடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே காட்சிதான் இரவும் பகலும் உங்கள் நெஞ்சுக்குள் நடக்கிறது.

இந்த இழைகளின் மேல் மெல்லிய சளிப் படலம் மிதக்கிறது. சளி என்றால் நமக்கு அருவருப்பு. உண்மையில் அது ஈ ஒட்டும் பசைத்தாள் மாதிரி. நாம் ஒரு நாளைக்கு இழுக்கிற ஏறக்குறைய 10,000 லிட்டர் காற்றோடு வருகிற தூசி, புகைக்கரி, கிருமி எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். துடைப்பம் அதை நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வீதம் தொண்டைக்குத் தள்ளும். அங்கே வந்ததும் நமக்குத் தெரியாமலே விழுங்கிவிடுகிறோம். மீதியை வயிற்று அமிலம் பார்த்துக்கொள்ளும்.

இந்தத் துடைப்பத்துக்கு முதல் எதிரி புகை. சிகரெட், சுருட்டு, பீடிப் புகையில் உள்ள நச்சு வாயுக்கள் சிலியாவை முதலில் மந்தமாக்கும். பிறகு இழைகளைக் குட்டையாக்கும். வருடக் கணக்கில் பிடித்தால், இழையுள்ள உயிரணுவே மறைந்து அந்த இடத்தில் இழையில்லாத தட்டையான உயிரணு வந்து உட்கார்ந்துவிடும். சளி சுரக்கும் உயிரணுக்களோ அதிகமாகும். ஆக, குப்பை கூடுகிறது, பெருக்குகிற ஆள் இல்லை. சளி அங்கேயே தேங்கும்; அதில் கிருமி குடியேறும். பிறகு அதைத் தள்ள உடம்புக்கு மிச்சம் இருக்கிற ஒரே வழி இருமல்தான்.

இப்போது அந்த ஐம்பது வயது அண்ணனிடம் நான் என்ன சொன்னேன் என்பது உங்களுக்கே விளங்கும். "அண்ணே, இருமல் உங்க எதிரி இல்ல. துடைப்பம் போன வீட்டுல வாளித் தண்ணி ஊத்திக் கழுவுற மாதிரி அது. சளியோட வர்ற இருமலை மருந்து போட்டு அடக்கினா குப்பை உள்ளேயே தங்கிடும். நிறுத்த வேண்டியது இருமலை இல்ல, சிகரெட்டை." சிகரெட்டை நிறுத்தினால் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் சிலியா மறுபடி வேலைக்கு வரத் தொடங்கும். அப்போது கொஞ்ச நாள் இருமலும் சளியும் கூடினாற்போல இருக்கலாம். பயந்துபோய் மறுபடி பற்ற வைக்காதீர்கள். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் புகைப்பதை நிறுத்த உதவும் சேவை உண்டு, கேட்டுப் பாருங்கள். 2024 அக்டோபர் முதல் தேதியிலிருந்து நடப்பில் உள்ள சட்டப்படி 18 வயது நிரம்பாதவர்களுக்குச் சிகரெட்டோ வேப்போ விற்பது குற்றம். கடைக்குப் பிள்ளையை அனுப்பி வாங்கிவரச் சொல்லும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

சிகரெட் பிடிக்காதவருக்கும் புகை உண்டு. என் தகப்பனார் ஒரு சிகரெட் தொட்டதில்லை. ஆனால் ரப்பர் ஷீட்டைப் புகை போடும் கொட்டகையில் பல வருடம் வேலை செய்தார். விறகு அடுக்குவது, உள்ளே நுழைந்து ஷீட்டைத் திருப்பிப் போடுவது எல்லாம் அவர் வேலை. முகத்தில் ஒரு துண்டுதான் கட்டியிருப்பார். வீட்டுக்கு வந்தால் அவர் மேல் அடிக்கும் புகை வாசனைதான் எங்களுக்கு அப்பா வாசனை. கடைசிக் காலத்தில் கட்டிலில் உட்கார்ந்தபடியே தூங்கினார். படுத்தால் மூச்சு வராது. அன்றைக்கு எங்கள் லயத்தில் யாருக்கும் சிலியா என்ற சொல் தெரியாது. தெரிந்திருந்தால் அம்மாவாவது அவரை வேறு வேலை கேட்கச் சொல்லியிருப்பார். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

துண்டு கட்டினால் தூசி கொஞ்சம் குறையும். நுண்ணிய புகைத் துகளும் வாயுவும் நிற்காது. 1997, 2015, 2019 ஆகிய வருடங்களில் சுமத்ரா, கலிமந்தான் காட்டுத் தீயின் புகைமூட்டம் நம் நாட்டை மூடியதை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படிப்பட்ட நாளில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-க்கு மேல் போனால் அது உடம்புக்கு ஆகாத காற்று. வெளியே வேலை செய்தே ஆகவேண்டுமானால் N95 வகை முகக்கவசம் வேண்டும். வீட்டு வாசலில் குப்பை கொளுத்துவதும் வேண்டாம். சட்டப்படியும் குற்றம், பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்கும் கேடு.

துடைப்பத்துக்கு இரண்டாவது எதிரி கிருமி. கக்குவான் இருமல் கிருமி சிலியா உள்ள உயிரணுக்களில் ஒட்டிக்கொண்டு அவற்றைக் கொன்றுவிடும். அதனால்தான் கிருமி போன பிறகும் பிள்ளை வாரக் கணக்கில் இருமுகிறது. துடைப்பம் மறுபடி முளைக்க வேண்டும் அல்லவா? 2020-இல் உலகை உலுக்கிய கோவிட் கிருமியும் மூக்கில் சிலியா உள்ள உயிரணுக்களில்தான் முதலில் இறங்குகிறது. கக்குவானுக்குத் தடுப்பூசி உண்டு. நம் நாட்டில் 2, 3, 5, 18 ஆகிய மாதங்களில் இலவசமாகப் போடுகிறார்கள். "ஊசி போட்டா காய்ச்சல் வருது" என்று தவணையைத் தள்ளாதீர்கள்.

ஒன்று நினைவிருக்கட்டும். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், சளியில் ரத்தம் வந்தால், உடம்பு மெலிந்தால், காசநோய்ச் சோதனைக்குக் கட்டாயம் போக வேண்டும்.

2. குடலின் கம்பளம்

சிறுகுடலின் உள்பக்கம் வழவழப்பான குழாய் அல்ல. மடிப்பு மடிப்பாக இருக்கும். மடிப்பின் மேல் விரல் போன்ற முளைகள். அந்த முளைகளை மூடியிருக்கும் உயிரணு ஒவ்வொன்றின் தலையிலும் ஏறக்குறைய 3,000 நுண்விரல்கள். சிலியா மாதிரி இவை அடிப்பதில்லை. கம்பளத்தின் இழை போல நெருக்கமாக நிற்கும்.

எதற்கு இத்தனை? இடத்தைப் பெருக்குவதற்கு. மடிப்பு, முளை, நுண்விரல் எல்லாவற்றையும் பிரித்து விரித்தால் டென்னிஸ் மைதானம் அளவு வரும் என்று பழைய புத்தகங்களில் எழுதியிருப்பார்கள். 2014-இல் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் மறுபடி அளந்து, அது அவ்வளவு இல்லை, முப்பது சதுர மீட்டரை ஒட்டித்தான் வரும் என்று கண்டார்கள். நமக்குப் புரிகிற கணக்கில் பாதிப் பேட்மிண்டன் மைதானத்துக்குச் சற்றுக் குறைவு. அதுவும் சின்ன இடமா? அவ்வளவையும் சுருட்டி வயிற்றுக்குள் வைத்திருக்கிறோம்.

சாப்பிட்ட சோறு, பருப்பு, பால் எல்லாம் கடைசியாகச் செரிப்பதும் ரத்தத்துக்குள் நுழைவதும் இந்தக் கம்பளத்தின் மேல்தான். வயிற்றோட்டக் கிருமி வந்தால் இந்த உயிரணுக்கள் அடிபடும். ரோட்டா வைரஸ் என்ற கிருமி முளைகளின் நுனியில் உள்ள உயிரணுக்களையே அழிக்கும். முளைகள் குட்டையாகி, உறிஞ்சும் இடம் குறைந்து, தண்ணீரெல்லாம் கீழே போகிறது. நல்ல செய்தி என்னவென்றால், குடலின் இந்தப் பூச்சு மூன்று முதல் ஐந்து நாளுக்குள் புதிதாக முளைத்துவிடும். அந்த நாலைந்து நாள் பிள்ளையை உயிரோடு காப்பாற்றுவதுதான் நம் வேலை.

எப்படிக் காப்பாற்றுவது? இங்கேதான் கம்பளத்தின் ஒரு ரகசியம் உதவுகிறது. நுண்விரல்களின் மேல் ஒரு விசேஷக் கதவு உண்டு. உப்பு தனியாக வந்தால் திறக்காது, சர்க்கரை தனியாக வந்தாலும் திறக்காது. இரண்டும் சேர்ந்து வந்தால் திறந்து இரண்டையும் உள்ளே விடும். பின்னாலேயே தண்ணீரும் போகும். 1960-இல் ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க விஞ்ஞானி இதை எடுத்துச் சொன்னார். வாந்திபேதி வந்து வயிறு எவ்வளவு போனாலும் இந்தக் கதவு கெடுவதில்லை.

1971-இல் வங்காளதேசப் போரில் லட்சக்கணக்கான அகதிகள் இந்திய எல்லைக்குள் ஓடிவந்தார்கள். மேற்கு வங்காளத்தில் பொங்கான் என்ற ஊரில் வாந்திபேதி பரவியது. நரம்பில் ஏற்றும் தண்ணீர் தீர்ந்துகொண்டே வந்தது. டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் மூன்றையும் தண்ணீரில் கலந்து பெரிய டிரம்களில் நிரப்பி வைத்தார். கூட இருந்த தாய்மார்களும் சொந்தக்காரர்களும் அதைக் குவளையில் பிடித்து நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். 100-க்கு 30 பேர்வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் அது 4-க்கும் கீழே இறங்கியது. டாக்டர் கையால் ஊசி போட்டால்தான் வைத்தியம் என்ற எண்ணத்தை ஒரு குவளைத் தண்ணீர் மாற்றியது. அந்தப் பெரியவர் 2022-இல் காலமானார். நாம் இன்று கிளினிக்கில் கொடுக்கிற ஓ.ஆர்.எஸ். பாக்கெட் அந்த வழியில் வந்ததுதான்.

ஆகவே தாய்மார்களே, "தண்ணி குடுத்தா இன்னும் போவும்" என்பது தவறு. வயிற்றால் போவது நிற்பதற்கு முன்னே பிள்ளையின் உடம்புத் தண்ணீர் தீர்ந்துவிடும். பிள்ளையைக் கொல்வது கிருமியைவிட அந்த வறட்சிதான். செய்ய வேண்டியது இது:

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைப் பிரித்து, அதன் மேல் எழுதியுள்ள அளவு தண்ணீரில் மட்டும் கலக்குங்கள். கொதித்து ஆறிய தண்ணீராக இருக்கட்டும். சில பாக்கெட் ஒரு குவளைக்கு, சில பாக்கெட் ஒரு லிட்டருக்கு. மாற்றிக் கலந்தால் உப்புக் கூடி ஆபத்து.

பாக்கெட் கிடைக்காத இடத்தில், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டி 6 தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டி அரைத் தேக்கரண்டி உப்பு. இதற்கு மேல் கைக்கணக்கு வேண்டாம்.

கரண்டி கரண்டியாக, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. சாப்பிடுகிற பிள்ளைக்குக் கஞ்சி, இடியப்பம், குழைந்த சோறு கொடுக்கலாம். போத்தல் இனிப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். சர்க்கரை அதிகமானால் அது குடலுக்குள் தண்ணீரை இழுத்து வயிற்றோட்டத்தைக் கூட்டும்.

கண் குழி விழுந்து, அழுதால் கண்ணீர் வராமல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல், மயங்கி மயங்கிக் கிடந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, வீட்டில் வைத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரி.

இன்னொரு சந்தேகமும் தாய்மார்கள் கேட்பதுண்டு. வயிற்றோட்டம் நின்ற பிறகும் மாட்டுப்பால் கொடுத்தால் சில பிள்ளைகளுக்கு மறுபடி வயிறு பொருமிப் போகும். பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் பொருள் அந்த நுண்விரல்களின் மேல் இருக்கிறது. கம்பளம் முழுசாக முளைக்கும்வரை பால் செரிக்காது. சில நாளில் சரியாகும். பெரியவர்கள் பலருக்கோ வயது ஏறும்போதே அந்தப் பொருள் குறைந்துவிடும். தே தாரிக் குடித்தால் வயிறு உப்புகிறது, தயிர் சாப்பிட்டால் ஒன்றும் செய்வதில்லை என்கிறவர்கள் இந்த ரகம்.

கம்பளம் தேய்வதற்கு வயிற்றோட்டம் மட்டும் காரணமல்ல. அசுத்தமான தண்ணீர், அடைத்த சாக்கடை, ஈ மொய்க்கும் கழிவறை இவற்றின் நடுவே வளரும் பிள்ளைக்கு, வெளியே நோய் தெரியாமலே குடல் முளைகள் குட்டையாகிக்கொண்டு போகும். சாப்பாடு போட்டாலும் உடம்பில் ஒட்டாது, உயரம் ஏறாது. பிள்ளை நோஞ்சானாக இருந்தால் தாயை மட்டும் குறை சொல்லாதீர்கள். வீட்டுப் பக்கத்துச் சாக்கடையையும் குழாய்த் தண்ணீரையும் பாருங்கள். கெட்டிருந்தால் கிளைக் கமிட்டியில் சொல்லி எழுத்தில் புகார் கொடுங்கள்.

3. காதின் நாற்று

காதின் உள்ளே, நத்தை ஓடு போலச் சுருண்ட ஓர் எலும்புக்குள், ஒவ்வொரு காதிலும் ஏறக்குறைய 15,000 உயிரணுக்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் தலையில் நாற்றுக் கட்டு மாதிரி விறைப்பான இழைகள் இருக்கும். சத்தம் வந்தால் உள்ளே இருக்கும் திரவம் அசையும், இழை சாயும், மூளைக்குச் செய்தி போகும். இதைத்தான் கேட்பது என்கிறோம்.

மிதமான சத்தத்தில் நாற்று சாய்ந்து நிமிரும். பெரிய சத்தத்தில் நாள்கணக்காக நின்றால் ஒடியும், பிறகு அந்த உயிரணுவே சாகும். மூச்சுக்குழாய்த் துடைப்பம் மறுபடி முளைக்கும், குடல் கம்பளம் நாலைந்து நாளில் முளைக்கும், ஆனால் காதின் நாற்று மனிதனுக்கு ஒரே தடவைதான். கோழிக்குக்கூட மறுபடி முளைக்கும் என்று 1980-களில் கண்டுபிடித்தார்கள். நமக்கு முளைக்காது.

புல்வெட்டும் மெஷினும் எண்ணெய் ஆலை இயந்திரமும் 85 டெசிபலைச் சர்வ சாதாரணமாகத் தாண்டும். கையெட்டும் தூரத்தில் நிற்கிறவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அது ஆபத்தான சத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2019-இல் வந்த வேலையிட இரைச்சல் விதிமுறைகள்படி, எட்டு மணி நேர வேலைக்குச் சராசரி 85 டெசிபல்தான் எல்லை. அதைத் தாண்டினால் காதுக் காப்பு தருவதும் செவிச் சோதனைக்கு ஏற்பாடு செய்வதும் முதலாளியின் கடமை. இது சலுகை அல்ல, சட்டம். கேட்டு வாங்குங்கள். வாங்கியதைக் கழுத்தில் தொங்கப் போடாமல் காதில் போடுங்கள்.

தோழர்களே, அந்த மூவரும் என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். பிள்ளையை அன்றே வண்டி வைத்துச் சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். வழியெல்லாம் தாய் கரண்டியால் தண்ணீர் கொடுத்துக்கொண்டே போனார். மூன்றாம் நாள் அந்தப் பிள்ளை என் சட்டைப் பையில் இருந்த பேனாவைப் பிடுங்கியது. சிகரெட் அண்ணன் நாளைக்குப் பத்திலிருந்து மூன்றுக்கு வந்திருக்கிறார். மூன்றும் போக வேண்டும், விடமாட்டேன். புல்வெட்டும் தம்பிக்குச் செவிச் சோதனை செய்தோம். போன செவி போனதுதான். இருக்கிறதைக் காப்பாற்ற இப்போது காதுக் காப்பு போடுகிறார். அவருக்கு வயது இருபத்தாறு. இந்தப் பாடத்தை ஒரு வருடம் முன்பே எழுதியிருக்கலாமே என்று அவரைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

நீங்கள் தாமதிக்காதீர்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு எப்போதும் வீட்டு அலமாரியில் இருக்கட்டும்.